இடுப்பெலும்பில் எடுத்தது

என் கண் மஞ்சளாகியிருப்பதை முதலில் பார்த்தது நானில்லை. செனாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் சீனப் பெண்மணிதான் பார்த்தாள். பல வருஷமாக நாங்கள் இருவரும் ஒரே மேசையில், பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பற்றவைப்பு சரியில்லாததை ஒதுக்கி வைக்கிறோம். அன்று காலை அவள் பலகையை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

"கண்ணு ஏன் இப்படி இருக்கு?" என்று மலாயில் கேட்டாள்.

"ராத்திரி சரியான தூக்கமில்லை."

"தூக்கமில்லாட்டி சிவக்கும். இது மஞ்சள் லா."

கழிவறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். மஞ்சள்தான். எத்தனை நாளாக அப்படி இருந்ததோ. தனியாக இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் உண்டு. தினமும் முகம் கழுவுகிறோம், பவுடர் பூசுகிறோம், ஆனால் எதிரே உட்கார்ந்து நம் முகத்தைப் பார்த்துப் பேச ஆள் கிடையாது. தம்போயில் ஒரு தாமான் குடியிருப்பில் சின்ன வீடு எனக்கு. கல்யாணம் அமையவில்லை, அதை ஒரு துக்கமாக வைத்துக்கொண்டதும் இல்லை. லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி மட்டும் அங்கேயே தங்கி, கொஞ்சம் நிலம் வாங்கி எண்ணெய்க்குச் செம்பனை போட்டிருக்கிறான். அவனுக்கும் எனக்கும் மனஸ்தாபம் ஒன்றும் இல்லை. பெருநாளுக்குப் பார்த்துக்கொள்வோம்.

அதற்கு முன்பே உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. துணி துவைக்கும் பவுடர்தான் காரணம் என்று நினைத்து வேறு பவுடர் வாங்கினேன். சிறுநீர் தே ஓ மாதிரி, பால் விடாத தேநீராகக் கறுத்துப் போனது. தண்ணீர் குடிப்பது குறைந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு இறங்கவில்லை. இளைத்ததைப் பார்த்து இரண்டு பேர் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள்.

தாமான் கிளினிக் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். ஸ்கேன்கள் எடுத்தார்கள். அறுவை சிகிச்சை டாக்டர் மலாய்க்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கு மாதிரி குறுக்கே கிடப்பது கணையம். அதன் தலைப் பகுதியில் ஒரு கட்டி. பித்தம் இறங்கும் குழாயை அது அமுக்குகிறது, அதனால்தான் மஞ்சள்.

"ஒருவகையில் நீங்க மஞ்சளானதே நல்லது" என்றார். "இல்லாட்டி இன்னும் ரொம்ப நாள் கழிச்சு வந்திருப்பீங்க. பரவுன மாதிரி ஸ்கேன்ல தெரியல. அறுத்து எடுக்கலாம். பெரிய ஆப்பரேஷன். கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்ல, டாக்டர்."

அறையில் நின்றுகொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் பேசி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. அவள் ஏன் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தாள் என்று வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. அங்கே சொந்தக்காரர் உட்கார வேண்டும். அப்போதுதான் அழுகை வந்தது. கட்டி என்று கேட்டபோதுகூட வரவில்லை.

வார்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஓர் அக்கா இருந்தார். ஸ்கூடாயில் வீடு. ஒரு தமிழ்ப் பள்ளியில் கேண்டீன் நடத்தியவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், நல்ல உயரம், குரல் அந்த வார்டு முழுக்கக் கேட்கும். அவருக்கும் அதே நோய், அதே டாக்டர், அதே வாரத்தில் அறுவை சிகிச்சை. பார்வையாளர் நேரம் வந்துவிட்டால் அவருடைய கட்டிலைச் சுற்றி இடம் இருக்காது. லோரி ஓட்டி ஓய்வுபெற்ற கணவர், மகன்கள், மருமகள்கள், மகள், அண்டை வீட்டார். நாற்காலி பற்றாமல் என் கட்டில் பக்கத்து நாற்காலியையும் கேட்டு வாங்கிப் போவார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை என்பதை அக்கா கவனித்திருக்கிறார். இரண்டாம் நாள் மகளிடம் சொன்னார்: "அந்த நாற்காலிய அங்கயே போடு. நீ போயி அந்தச் சின்னம்மா பக்கத்துல உக்காரு."

அந்தப் பெண் வந்து உட்கார்ந்தாள். என்னிடம் என்ன பேசுவதென்று அவளுக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கைப்பேசியில் தன் பிள்ளைகள் படத்தைக் காட்டினாள்.

அந்த வார்டுக்கு ஓர் இளம் டாக்டர் வருவாள். தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. ஆராய்ச்சி செய்கிறாள் என்றார்கள். ஒரு மாலை எங்கள் இரண்டு கட்டில்களுக்கும் நடுவில் நின்று, இருவருக்கும் சேர்த்தே சொன்னாள்.

"ஆண்ட்டி, கட்டியிலேர்ந்து சில செல்லுங்க பிரிஞ்சு ரத்தத்துல போகலாம். போயி எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜையில தங்கிக்கலாம். அவ்வளவு சின்னது, ஸ்கேன்ல தெரியாது. உங்க ரத்தத்துலயும் மஜ்ஜையிலயும் கொஞ்சம் எடுத்து, அந்த மாதிரி செல்லு இருக்கான்னு தேடிப் பார்க்கணும். ஆப்பரேஷனுக்கு மயக்கம் குடுத்த பெறகு இடுப்பெலும்புல ஊசி போட்டு எடுப்போம். உங்களுக்குத் தெரியாது."

"எலும்புக்குள்ளயா?" என்றார் அக்கா. "வயித்துல இருக்கறத எலும்புல போயி தேடறீங்களே."

"அங்க இருந்தா, இந்த நோய் யாருக்குத் திரும்பி வரும்னு முன்னாடியே கண்டுபிடிக்க அது ஓர் அடையாளமா இருக்குமான்னு பார்க்கறோம், ஆண்ட்டி. கணையத்து செல்லுக்கு எலும்புல வேலையே கிடையாது. இருந்தா, அது அங்கேர்ந்து தப்பி வந்ததுதான்."

"எங்களுக்கு இதனால என்ன லாபம்?" என்று நான் கேட்டேன்.

அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "உங்களுக்கு ஒன்னும் இல்ல, ஆண்ட்டி. நான் அத மொதல்லயே சொல்லியிருக்கணும். பின்னால வர்றவங்களுக்கு உதவலாம்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன். அக்காவும், "மயக்கத்துல கெடக்கும்போது எடுத்துக்கட்டும், வெளிய பேசறதுக்கும் ஒரு கதையாச்சு" என்று சிரித்தார். முடிவைத் தெரிந்துகொள்ள விருப்பமா என்றும் அவள் கேட்டாள். வேண்டாம் என்றால் சொல்ல மாட்டார்களாம். இருவரும் வேண்டும் என்றோம். எதை வேண்டும் என்கிறோம் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் அறுவை சிகிச்சை காலையில் தொடங்கி, முடியும்போது சாயங்காலமாகிவிட்டதாம். தம்பி லாபிஸிலிருந்து வந்து முழு நேரமும் வராந்தாவில் நின்றிருக்கிறான். கண் விழித்தபோது என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூக்கிலும் வயிற்றிலும் குழாய்கள். வயிற்றில் யாரோ கல்லை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. அதற்கு மத்தியில் இடுப்பின் பின்பக்கம் ஒரு சின்ன வலி, சுவரில் இடித்துக்கொண்டதைப்போல. கையை விட்டுத் தடவினேன். ஒட்டுப் பிளாஸ்டர் இருந்தது. பெரிய வெட்டு முன்னால் இருக்க, என் மனம் ஏனோ அந்த ஊசி போட்ட இடத்துக்கே போய்ப்போய் வந்தது.

தம்பி மூன்று நாள் இருந்தான். பிறகு செம்பனைப் பழம் வெட்டும் நாள் என்று போனான். போக அவனுக்கு மனமில்லை, இருந்தாலும் என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அவனைப் போகச் சொன்னது நான்தான்.

அதன்பிறகு என்னைப் பார்த்துக்கொண்டது அக்காவின் குடும்பம். வெட்டுப்பட்ட உடம்புக்கு விரால் மீன் சூப்பு நல்லது என்று இங்கே எல்லா இனத்தாரும் நம்புவார்கள். மூத்த மருமகள் பசாரில் உயிர் மீனாகப் பார்த்து வாங்கி, இஞ்சி போட்டு வேகவைத்துப் பாத்திரத்தில் கொண்டுவருவாள். டாக்டர் அனுமதித்த அன்று அக்கா, "ரெண்டு கப்புல ஊத்து" என்றார். மருமகள் ஊற்றினாள். எனக்கு ஒரு கரண்டிதான் இறங்கியது. அது போதும் என்றார் அக்கா, ஏதோ நான் பெரிய காரியம் செய்துவிட்டதைப் போல.

வீட்டுக்கு வந்த பிறகு கீமோ. மாதக்கணக்கில் ஓடியது. சாப்பிடும்போது ஒவ்வொரு வேளையும் மாத்திரைகளை விழுங்கினால்தான் சோறு செரிக்கும், கணையம் செய்த வேலையை அவை செய்யும். ஒரு பிடிச் சோற்றுக்கு ஒரு மாத்திரை என்று தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு உட்காருவேன். என்ன ஓடுகிறதென்று பார்ப்பதில்லை. மனிதக் குரல் கேட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போவேன். பூசை முடிந்ததும் நான்கைந்து பேர் வந்து, "எங்க ஜெபத்துல உங்கள வைக்கறோம்" என்பார்கள். உண்மையாகத்தான் சொல்வார்கள். பிறகு அவரவர் காடியில் ஏறிப் போய்விடுவார்கள்.

கீமோ முடிந்து ஒரு பரிசோதனை நாளில் இளம் டாக்டர் என்னைத் தன் அறைக்கு அழைத்தாள். கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்தினால் என்ன வரும் என்று இந்தக் கொஞ்ச காலத்தில் எனக்குத் தெரிந்திருந்தது.

"ஆண்ட்டி, ரத்தத்துல ஒன்னும் கெடைக்கல. மஜ்ஜையில இருந்துச்சு."

"எத்தன?"

"கொஞ்சம்தான். ஆனா இருந்துச்சு."

"அப்படின்னா அது திரும்பி வருமா?"

"சில பேருக்கு வருது. சில பேருக்கு அப்படியே தூங்கற மாதிரி கெடக்குது. அத வச்சு ஒரு ஆளப் பார்த்து, உங்களுக்கு இப்படித்தான் ஆகும்னு சொல்ற அளவுக்கு எங்களுக்கே இன்னும் தெரியாது. அதனால உங்க மருந்த மாத்தப் போறதும் இல்ல. நீங்க கேட்டதால சொல்றேன்."

அந்தச் செல்லைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவள் எதிர்பார்க்கவில்லை. என்னுடையதைக் காட்டக்கூடாதாம், வேறு யாரோ ஒருவருடைய படத்தைக் கணினியில் திறந்தாள். வெளிறிய நீல நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள், நூற்றுக்கணக்கில், எல்லாம் ஒரே மாதிரி. நடுவில் ஒன்று மட்டும் சிவப்பாக, கொஞ்சம் பெரிதாக, ஓரம் நெளிந்து. சாயம் அந்த வகைச் செல்லில் மட்டும்தான் பிடிக்குமாம். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் உட்கார வேண்டும் என்று கேட்டேன்.

"சில நாள் ஒன்னுமே இல்லாம நாள் பூரா பார்ப்பேன், ஆண்ட்டி. கழுத்து போயிடும்" என்று பின்கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

எனக்கு அந்தக் கழுத்து வலி தெரியும். அந்தப் பெண் தன்னந்தனியாக ஓர் அறையில் குனிந்து உட்கார்ந்து என் எலும்புக்குள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அந்த நேரத்தில் தம்போயில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்திருப்பேன். என்னை அவ்வளவு கவனமாகப் பார்த்தவர்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை என்று தோன்றியது. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை அக்கா போனில் கூப்பிட்டார். அவருக்கும் அந்த வாரம்தான் முடிவு சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு ரெண்டுலயும் ஒன்னுமில்லையாம்! வீட்டுல பாயாசம் வச்சிட்டாளுங்க. உனக்கு என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். முடியவில்லை. "எலும்புல இருக்காம்க்கா" என்றேன்.

பின்னால் பிள்ளைகள் சத்தம் கேட்டது. அவர் எங்கோ நடந்துபோவது தெரிந்தது, ஒரு கதவு மூடியது, சத்தம் நின்றது. "யாருக்குத் தெரியும்?" என்றார்.

"இப்ப உங்களுக்கு."

"தம்பிக்கு?"

"சொல்லல. சொல்லி என்னக்கா பண்றது. எனக்கே என்னன்னு வெளங்கல, அவனுக்கு என்ன சொல்லி வெளங்க வைக்க?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், நான் வேலை பஸ்ஸில் இறங்கி வீட்டுக்கு நடக்கிற நேரம் பார்த்து அக்கா கூப்பிடுவார். (வேலைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்திருக்கும்.) நோயைப் பற்றிப் பேசவே மாட்டார். என்ன சமைத்தாய், மீன் என்ன விலை, மருமகள் என்ன சொன்னாள், பேரன் எதை உடைத்தான். கடைசியில் மட்டும், "உடம்பு?" என்பார். "இருக்குக்கா" என்பேன். அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் ஒருவருக்குத் தெரியும் என்பது பெரிய விஷயம். சொல்லாமல் சுமந்த பொருளின் ஒரு முனையை இன்னொருவர் பிடித்துக்கொண்டதைப்போல இருந்தது.

நான்தான் நோயாளி, அவர் தப்பித்தவர். இருவர் மனதிலும் அப்படித்தான் இருந்தது. அதனால் அவர் முதுகு வலி என்று சொன்னபோது நான் தைலம் போடச் சொன்னேன்.

தைலத்துக்குக் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் பரவிவிட்டிருந்தது. அதை அவரே போனில் சொன்னார். "எனக்கு ஒன்னுமில்லைன்னுதானே சொன்னாங்க?" என்று கேட்டார். என்னிடம் நியாயம் கேட்பவர் மாதிரி இல்லை, உண்மையிலேயே சரிபார்க்கிறவர் மாதிரி கேட்டார். "ஆமாக்கா, அப்படித்தான் சொன்னாங்க" என்றேன்.

ஒரு சனிக்கிழமை ஸ்கூடாய் போனேன். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கூடத்தில் கூட்டம், ஒரு பக்கம் கோப்பி போட்டுக்கொண்டே இருந்தார்கள். எல்லாரும் என்னை வரவேற்றார்கள், மூத்த மருமகள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள். அக்கா பாதியாகியிருந்தார். கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "எல்லாம் போயி கொஞ்சம் வெளிய உக்காருங்க. நான் இவகிட்ட பேசணும்" என்றார். மகளுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் போனார்கள்.

கதவு சாத்தியதும் அக்கா அழுதார். நான் அவர் அழுது பார்த்ததே இல்லை. சத்தம் வெளியே போகாமல், தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்பெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

"இத்தன பேரு இருக்காங்க" என்றார் கொஞ்சம் கழித்து. "யாருகிட்டயும் பேச முடியல. நான் அழுதா அவங்க அழுவாங்க. அவங்க அழுதா நான் தேத்தணும். எனக்குச் சலிச்சுப் போச்சு. ஒன்கிட்டதான் நான் யாரையும் தேத்த வேண்டாம்."

"பயமா இருக்காக்கா?"

"இருக்கு. ஒனக்கு?"

"எனக்கும் இருக்கு."

"நீ தனியா எப்படி இருக்கே?" என்று கேட்டார். அவ்வளவு நாளில் அவர் அதைக் கேட்டதே இல்லை. கேட்டால் நான் உடைந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார். பழகிவிட்டது என்றேன். "எனக்குப் பழக நாளில்ல" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வரச் சொல்லு, பாவம்" என்றார். கதவைத் திறந்ததும் அவர் குரல் மாறிவிட்டது. யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிக்கக்கூடச் செய்தார்.

அதன்பிறகு சாயங்கால அழைப்புகள் குறைந்தன. பேச மூச்சு போதவில்லை அவருக்கு. ஒருநாள் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது அவர் எண்ணிலிருந்து போன் அடித்தது. "அக்கா!" என்று எடுத்தேன். மகள் பேசினாள்.

சாவு வீட்டுக்கு அரை நாள் விடுப்பு எடுத்துப் போனேன். தெருவில் கூடாரம் போட்டிருந்தார்கள். கேண்டீனில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் வந்திருந்தார்கள். நான் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நான் சொந்தமில்லை, ஊர்க்காரியில்லை, கூட வேலை செய்தவளுமில்லை. "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்" என்றேன். "ஓ" என்று அவர் திரும்பிக்கொண்டார். தப்பில்லை. அந்த உறவுக்கு என்ன மரியாதை செய்வது என்று யாருக்குத்தான் தெரியும்.

உடலை எடுப்பதற்கு முன்னால் அக்காவின் கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அதிகம் பேசாதவர். அந்த நாள்வரை என்னிடம், வாங்க, சாப்பிடுங்க என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை.

"ஒன்னு கேக்கணும், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். "அந்த எலும்புல எடுத்த டெஸ்ட்டு. அவளுக்கு ஒன்னுமில்லைன்னாங்க. உங்களுக்கு இருக்குன்னாங்கன்னு அவ எங்கிட்ட சொல்லியிருக்கா. நீங்க நடந்து வர்றீங்க. அது எப்படி?"

கோபம் இல்லை அந்த முகத்தில். ராத்திரியெல்லாம் அதையே யோசித்திருக்கிறார், அவ்வளவுதான். சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டிய இடத்தில் நின்றேன்.

"எனக்கும் வெளங்கலண்ணே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் தோளில் கையை வைத்துவிட்டு, மகன்கள் கூப்பிட்டதும் போனார்.

பல வாரம் கழித்து, இளம் டாக்டர் கூப்பிட்டாள். இன்னொரு முறை மஜ்ஜை எடுக்க முடியுமா, இந்த முறை மயக்கம் கிடையாது, இடத்தை மரத்துப்போக வைத்துத்தான் எடுக்க வேண்டும், விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்றாள். போனேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். மரத்துப்போன இடத்தில் ஊசி வலிக்கவில்லை. ஆனால் உள்ளிருந்து இழுக்கும்போது ஒரு வலி வந்தது பாருங்கள், இதுவரை உடம்பில் எங்கும் வராத வலி, கால்வரை உறிஞ்சிக்கொண்டு போயிற்று. ஒரு மலாய் மிஸ்ஸி கையைக் கொடுத்தாள், நன்றாக இறுக்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

படுத்தபடியே இளம் டாக்டரிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாங்க எடுக்கறது ஒரு டீஸ்பூன் அளவுதான், ஆண்ட்டி. எடுத்த இடத்துல இல்ல, அவ்வளவுதான் எங்களால சொல்ல முடிஞ்சது. வேற இடத்துல இருந்திருக்கலாம், எங்க கண்ணுக்குத் தப்பியிருக்கலாம். உங்களுக்கு ஏன் அப்படியே கெடக்குதுன்னும் தெரியல. ஒரு நாள் தெரிஞ்சா, அவங்க குடுத்ததும் அதுல இருக்கும்."

"அவங்க வீட்டுக்காரரு கேட்டாரு. என்னால பதில் சொல்ல முடியல."

அவள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். பிறகு, "என்கிட்டயும் அவர் வந்து கேட்டாரு" என்றாள்.

இரண்டாம் முறையும் மஜ்ஜையில் இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றாள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதைக் கேட்டுவிட்டு அன்று மதிய சிஃப்டுக்குப் போய்விட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி என் கண்ணைப் பார்த்து, "வெள்ளையா இருக்கு, பிழைச்சே" என்றாள். அவள் தினமும் பார்க்கிறாள், அவளுக்கு அது ஒரு கடமையாகிவிட்டது.

தம்பியிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். பெருநாளைக்கு ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு லாபிஸ் போயிருந்தேன். தேவாலயத்திலிருந்து திரும்பும்போது காடியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவன் மனைவியும் பிள்ளைகளும் முன்னால் வேறு காடியில் போய்விட்டார்கள். எலும்பில் இருக்கிறது என்பதையும், எப்போதிலிருந்து தெரியும் என்பதையும் சொன்னேன். அவன் காடியைச் செம்பனை ஓரமாக நிறுத்தினான்.

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்பே?"

நன்றாக யோசித்தான். "ஒன்னும் பண்ணியிருக்க மாட்டேன்" என்றான். "ஆனா தெரிஞ்சிருக்கும்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தது, ஒதுங்கக்கூட இல்லை. லாபிஸுக்கே வந்துவிடு, பின்னால் அறை சும்மாதான் கிடக்கிறது என்றான். அவன் மனைவியும் அன்று ராத்திரி அதையே சொன்னாள், மனதாரச் சொன்னாள். அந்த வாரம் முழுக்க எனக்கென்று எண்ணெய் இல்லாமல் தனியாகச் சமைத்தாள். தெரிந்தவர்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி விசாரித்துவிட்டுப் போனார்கள். நான் எழுந்தால் யாராவது ஒருவர் எழுந்தார்கள். அன்பு என்று தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் நாலாம் நாளே என் வீட்டுச் சாவியைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அக்கா எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தவைத்தது ஏனென்று அங்கே எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்தது. அவர் கதவைச் சாத்தவைத்தபோது உள்ளே நான் இருந்தேன். நான் சாத்தினால் யாரும் இல்லை. இருந்தாலும் சாத்த ஒரு கதவு எனக்கு வேண்டியிருந்தது.

ரயில் ஏற்றிவிட தம்பி வந்தான். வாழைப்பழமும் முறுக்கும் ஒரு பை நிறையக் கொடுத்தான், முறுக்கு எனக்குச் செரிக்காது என்பதை மறந்து. வண்டி நகர்ந்த பிறகும் பிளாட்ஃபாரத்தில் நின்றுகொண்டிருந்தான். கைகாட்டவில்லை. சும்மா நின்றான்.

வீட்டைத் திறந்தபோது ஒரு வாரம் அடைத்துக் கிடந்த வாடை அடித்தது. ஜன்னல்களைத் திறந்தேன். சோறு வைத்தேன். சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது தம்பி கூப்பிட்டு, "போயி சேந்துட்டியா?" என்றான். சேர்ந்துவிட்டேன் என்றேன். அதற்குமேல் அவனுக்குப் பேச ஒன்றுமில்லை, எனக்கும் இல்லை. ஆனாலும் அவன் போனை வைக்கவில்லை. அவன் பக்கம் நாய் குரைப்பதும் யாரோ பாத்திரம் கழுவுவதும் கேட்டது. நானும் வைக்காமல் அடுப்பைக் குறைத்துவிட்டு அப்படியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "சரிக்கா" என்று வைத்தான். வேலைக்கான சட்டையை எடுத்து இஸ்திரி போட்டு மாட்டினேன். மறுநாள் எனக்குக் காலை சிஃப்ட்.